நாவல் சாற்றின் கைப்பக்குவம்

அடுப்படிக் கதவு உள்ளே கொளுவியிருந்தது. அம்மியில் கல் உரசும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய நிருஷா முகம்கூடக் கழுவாமல் நேரே மச்சாள் வீட்டுக்கு வந்து அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

அவள் புருஷன் விஜிதரனின் வலது காலை முதல்நாள்தான் முழங்காலோடு எடுத்திருந்தார்கள். வாவியில் தோணி தள்ளிப் பிழைக்கிறவனின் கால். இன்று காலை பார்த்தபோது மற்றக் காலின் பெருவிரலும் கறுத்துக்கொண்டு வந்தது.

உள்ளே அரைத்துக்கொண்டிருந்தவள் அவனைத் தூக்கி வளர்த்த அக்கா, ஆச்சிப்பிள்ளை. நேற்று ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து புரண்டு அழுதவள். இன்று வழமைபோலக் கதவைப் பூட்டிக்கொண்டு தன் புருஷனுக்கு மருந்து அரைக்கிறாள்.

சீனி வருத்தத்துக்கு ஆச்சிப்பிள்ளை போடும் நாவல் பழச்சாறு குருக்கள்மடம் ஊர் முழுக்கப் பேச்சு. அவள் புருஷன் கோணாமலையின் அண்ணன் சிறுநீரகம் பழுதாகிச் செத்தவர். டொக்டர் கொடுத்த குளிசையை விழுங்கித்தான் செத்தார் என்று நம்பி, இனி ஒரு குளிசையும் வாயில் வைக்க மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணியவர் கோணாமலை. சாறு மட்டும்தான் அவருக்கு மருந்து. எப்போது விரலில் குத்திப் பார்த்தாலும் சீனி இறங்கித்தான் இருக்கும். டொக்டர்மார் தன்னிடம் வந்து படிக்க வேண்டும் என்று தோணித்துறையில் நின்று பெருமையடிப்பார்.

அதைக் கேட்டுத்தான் அதே வருத்தக்காரனான விஜிதரனும் சாற்றுக்கு மாறினான். நிருஷா தன் கையால் பழம் பொறுக்கினாள், பிழிந்தாள், கொட்டையைக் காயவைத்து இடித்துப் போட்டாள். அதே மரம், அதே பழம். அங்கே இறங்கிய சீனி இங்கே ஏறியது.

பக்குவம் கேட்டு எத்தனையோ தரம் மச்சாளிடம் நடந்திருக்கிறாள். பழமும் கொட்டையும்தான், வேறொன்றுமில்லை என்பாள் ஆச்சிப்பிள்ளை. கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். பிறகு, தம்பி கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறான்தானே என்று கேட்பாள். சாற்றைக் குடித்தாலும் கிளினிக்கை விடக்கூடாது என்பாள். அக்கா ஏசுவாள், ஓம் என்று சொல்லிவிடு என்று விஜிதரன் சொல்லி வைத்திருந்தான். நிருஷாவும் ஓம் என்றுதான் சொல்லி வந்தாள்.

கதவு திறந்தது. கோப்பையோடு வந்த ஆச்சிப்பிள்ளை நிருஷாவைக் கண்டதும் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்பயாவது சொல்லுங்க மச்சாள். அதுக்குள்ள என்ன போடுறீங்க?"

"ஒண்டுமில்ல புள்ள. நாவல்தான்."

"ஒரு கால் போயிற்று. மற்றதும் போகட்டும் எண்டு பாத்துக்கிட்டு இருக்கீங்களா? கூடப்பிறந்தவனுக்குக் கூடச் சொல்லேலாத மருந்தா அது?"

கிளினிக் மருந்தை ஒழுங்காகப் போட்டவனுக்கு எப்படி இந்த நிலை வந்தது, அதுதான் தனக்கு விளங்கவில்லை என்றாள் ஆச்சிப்பிள்ளை.

நிருஷா அதுவரை அடக்கி வைத்திருந்தது வாயை மீறி வந்தது.

"எங்க போனவரு? உங்கட சாறை நம்பித்தான் குளிசையெல்லாத்தையும் வாவிக்குள்ள எறிஞ்சாரு. ஊசியும் போடல்ல. மச்சான் குடிச்சுச் சுகப்பட்டவர்தானே, நானும் சுகப்படுவன் எண்டாரு."

கோப்பை ஆச்சிப்பிள்ளையின் கையிலிருந்து நழுவியது. கருஞ்சிவப்புச் சாறு இருவர் காலடியிலும் தெறித்தது.

"என்னகா உடைஞ்ச? என்ட மருந்தா?" விறாந்தையிலிருந்து கோணாமலை கேட்டார்.

ஆச்சிப்பிள்ளை நிருஷாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைக் கொளுவினாள். அம்மியின் பக்கம் விரலை நீட்டினாள்.

அம்மியில் நாவல் கொட்டைத் தூளோடு பாதி அரைபட்ட வெள்ளைக் குளிசை ஒன்று ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கடதாசிக் கவர். கிளினிக்கில் கொடுப்பது. விஜிதரன் தோணியிலிருந்து வாவிக்குள் எறிந்த கவர்கள் போலவே. மேலே கோணாமலையின் பெயர் எழுதியிருந்தது.

நிருஷா அப்படியே அம்மிக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். விறாந்தைக்குக் கேட்காதபடி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுத ஆச்சிப்பிள்ளை, அதை எடுத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"நான் கேட்ட நேரமெல்லாம் நீ ஓம் எண்டுதானே புள்ள சொன்னாய்?"