வாத்தியாருக்குப் பிடித்த விரல்

"அந்த ஆளு எதுக்கு உன் விரலைப் பத்திப் பேசணும்?"

கணவன் கேட்டதும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள்.

"எந்த ஆளுங்க? அது மெஷின். 'உங்க விரல் நீளம், தூரத்துக் கட்டையும் சுலபமா எட்டும்'னு சொல்லுது. அதுல என்ன தப்பு?"

"மெஷினுக்கு எதுக்கு இவ்வளவு குழையிற குரல்?"

அவன் பைக் மெக்கானிக். காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின்களோடுதான் பிழைப்பு. எதுவும் அவனிடம் இப்படிக் குழைந்ததில்லை. இருமும், உறுமும், சில சமயம் உதைக்கவும் செய்யும்.

மகள் விடுதிக்குப் போகும்போது விட்டுச்சென்ற டேப்லெட்டில்தான் இந்த வில்லங்கம் வந்து சேர்ந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தால் போதும். வாசிப்பதைக் கேட்டு, எங்கே தவறு என்று சொல்லி, அடுத்த பாடத்தையும் அதுவே முடிவு செய்யும். அவள் அதற்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்திருந்தாள். கட்டிய புருஷனுக்கு இதுவரை ஒரு செல்லப் பெயர் கிடையாது.

"சின்ன வயசிலேருந்து ஆசைங்க. வகுப்புன்னா அவங்க நேரத்துக்கு நான் ஓடணும். ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல உக்காந்துக்கிட்டு அது நடக்குமா? இது என் நேரத்துக்கு வருது. ஒரே தப்பை நூறு தடவை பண்ணினாலும் சலிச்சுக்கறதில்ல."

"நான் சலிச்சுக்கறேனாக்கும்?"

"நேத்து உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளி வச்சது யாரு? வாத்தியாரா?"

ஒரு டேப்லெட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எரிச்சலை இன்னும் கூட்டியது.

"மத்தியானம் சாப்பிட வரும்போது அதுல தூசி விழக் கூடாதுன்னு துணி போட்டு மூடறது நான். எனக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா இந்த வீட்டுல?"

"ரொம்ப நன்றி. இப்ப பேசாம இருங்க. ஞாயித்துக்கிழமை தலைமை நர்சுக்கு வழியனுப்பு விழா. எல்லார் முன்னாடியும் வாசிக்கறேன்னு பேர் குடுத்துட்டேன்."

அவள் வாசித்தாள். இரண்டு கைகளும் சேர்ந்து ஓடின. அவனுக்கே ஒரு கணம் எரிச்சல் மறந்துவிட்டது.

வாத்தியார் பேசியது. "இன்றைக்கு நன்றாக வாசித்தீர்கள். ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. நாளைக்கும் இரண்டாம் பாடமே. ஒற்றைக் கை மட்டும்."

அவள் முகம் சுருங்கியது.

"பாத்தீங்களா? ஒரு வாரமா இதேதான். நல்லா இருக்குங்குது, உடனே பின்னாடி தள்ளுது. அஞ்சாம் பாடத்துலதான் விழாவுல வாசிக்க வேண்டிய பாட்டே வருது. அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடும்."

"நான் அப்பவே சொன்னேன், அவனை நம்பாதேன்னு." அவன் குரலில் அனுதாபம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்தது. "விட்டுத் தள்ளு. ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் எங்கேயாவது வெளியில போலாம்."

அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வராது போலிருக்குங்க. பேரை எடுத்துடச் சொல்லிடறேன்."

அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் நெளிந்தான். "அழாதே. வேணும்னா... நாளையிலேருந்து சரியாயிடும்."

"எப்படிச் சரியாகும்? இருங்க, அதையே நேரா கேட்டுடறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப்லெட் பக்கம் குனிந்தாள். "வாத்தியாரே, நான் எங்கேதான் தப்பு பண்றேன்? ஒளிக்காம சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? சார்ஜ் போயிடும்!" அவன் பாய்ந்து எழுவதற்குள் குரல் வந்துவிட்டது.

"சாயங்கால வாசிப்பில் தவறே இல்லை. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் ஐந்தாம் பாடத்துக்கு எப்போதோ தயார். தவறெல்லாம் மத்தியான வாசிப்பில்தான் வருகிறது. கேட்டால், அது வேறொருவர் கை என்று தோன்றுகிறது."

அவள் மெதுவாகத் திரும்பி, துணி போட்டு மூடுகிறவரைப் பார்த்தாள். அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நீங்களா?"

"அது... நீ சீக்கிரமே அலுத்துப்போய் விட்டுடுவேன்னு நினைச்சேன். அழுவேன்னு நினைக்கல."

அவள் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டது.

"மத்தியானம் வாசிப்பவர் தாளம் பிசகுவதே இல்லை. தினமும் சரியான சுரத்துக்கு அடுத்த கட்டையைத்தான் தொடுகிறார், ஒரு முறைகூட மாறவில்லை. இவ்வளவு கச்சிதமாகத் தப்பு செய்ய வேண்டுமானால் சரியானது முதலில் காதில் விழ வேண்டும். அபூர்வமான காது. இப்படி ஒரு காதை நான் இந்த வீட்டில் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. அவருக்குத் தனியாகப் பாடம் தொடங்கட்டுமா?"

கிரீஸைச் சுரண்டிய விரல் நின்றது. அவன் முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று பரவியது. நாற்காலியை டேப்லெட் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, வாத்தியாரே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாரக் கோபத்தையும் மறந்து, அவள் வெடுக்கென்று டேப்லெட்டை அவன் முன்னாலிருந்து இழுத்தாள்.

"அந்த ஆளு எதுக்கு உங்க காதைப் பத்திப் பேசணும்?"