அலெக்சாண்டர் தோற்காத திடல்

செம்பவாங் வட்டார வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி: திரு. அலெக்சாண்டர் தம் தரைவீட்டின் கொல்லைப்புறத்தில், யாரிடமும் ஒரு வெள்ளிகூடப் பணம் வாங்காமல் அமைத்திருக்கும் ஒன்பது குழி வட்டு கோல்ஃப் திடல், இந்த ஞாயிற்றுக்கிழமை தன் இருநூறாவது ஆட்டத்தைக் கண்டது.

கோல்ஃப் என்றதும் குழியைத் தேட வேண்டாம். இதில் குழியும் இல்லை, பந்தும் இல்லை. சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் பிளாஸ்டிக் வட்டை எறிய வேண்டும். குறைந்த எறிதல்களில் முடிப்பவர் வென்றவர்.

ஒன்பது கூடையும் இல்லை. பதினைந்து மீட்டர் கொல்லையில் மூன்றுதான் கொள்ளும். ஒவ்வொன்றையும் மூன்று பக்கமிருந்து எறிந்தால் ஒன்பது. இது அலெக்சாண்டரின் கணக்கு; விருந்துக்கு வந்தவர்கள் யாரும் மறுத்ததில்லை.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆட்டத்திலும் அவரே வென்றிருந்தார். அதையும் யாரும் மறுத்ததில்லை.

காரணம் இருந்தது. எல்லாருக்கும் அவர் தேவாலயத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். தேவாலயத்தோடு ஒட்டினாற்போல் ஒரு பள்ளி. ஜூலையில் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளைப் பதியும்போது, சங்கத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் முன்வரிசை. இல்லாவிட்டால் குலுக்கல்.

போன வருடம், சங்க உறுப்பினரான மெலிசாவின் அக்காள் மகன் குலுக்கலில் இடம் இழந்தான். இப்போது தூரத்துப் பள்ளிக்குத் தினமும் ஐம்பது நிமிடம் பேருந்தில் போகிறான்.

மெலிசாவின் மகள் ஈவாவுக்கு ஆறு வயது. அதனால் மெலிசாவின் கணவன் ஜெரால்டு, பேருந்துப் பணிமனையில் வாரம் முழுக்க நின்று வேலை பார்ப்பவன், இது நான்காவது ஞாயிறாக, பூசை முடிந்த கையோடு ஈவாவை மறைக்கல்வி வகுப்பில் விட்டுவிட்டு, இந்தக் கொல்லையில் வந்து தோற்றுக்கொண்டிருந்தான். இருவருக்கும் சங்கக் கூட்டங்களுக்குப் போகும் வழக்கம் இல்லை. அந்தச் சங்கத்தில் அது ஐந்தாறு பேரைத் தவிர யாருக்குமே இல்லை.

கடைசிக் கூடை. துணிக்கொடிக்குப் பக்கத்தில். அலெக்சாண்டர் முடித்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றார்.

ஜெரால்டுக்கு மூன்று மீட்டர் தூரம். இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவதில் போட்டால், ஒரே ஒரு எறிதலில் தோல்வி. தோல்வி கண்ணியமாக இருக்க வேண்டும் என்று மெலிசா சொல்லியிருந்தாள். ரொம்ப மோசமாகத் தோற்றாலும் அவருக்குப் பிடிக்காதாம்.

தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நின்று, கூடையை விட்டுவிட்டுக் கறிவேப்பிலை மரத்தைக் குறி பார்த்து எறிந்தான்.

வட்டு மரத்தைத் தொடவே இல்லை. சுவரிலிருந்த குளிரூட்டியின் வெளிப்பெட்டியில் மோதியது, திரும்பியது, சங்கிலிகளில் விழுந்தது.

அந்தக் கிணுகிணுப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஜெரால்டு ஒரு எறிதலில் வென்றிருந்தான்.

அலெக்சாண்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நல்ல எறிதல் என்றார். பிறகு, சங்க முத்திரையை எங்கே வைத்தோம் என்று ஞாபகமில்லை, கடிதத்தை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தலை வேறு வலிக்கிறதாம்.

ஜெரால்டு குனிந்து தன் காலைப் பார்த்தான். கோட்டுக்கு ஒரு சாண் பின்னால், சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருந்தது.

"அங்கிள், என் கால் கோட்டைத் தாண்டிருச்சு லா. இது ஃபவுல்."

அலெக்சாண்டர் மெலிசாவைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் நற்கருணை வாங்கிய மெலிசா, தாண்டியது உண்மைதான், நானும் பார்த்தேன், நன்றாகவே தாண்டியது என்றாள்.

பிளாஸ்டிக் உறை போட்ட விதித்தாள் அடுக்களைக் கதவில் தொங்கியது. அலெக்சாண்டரே எழுதியது. கோட்டைத் தாண்டினால் இரண்டு எறிதல் தண்டனை. வென்றவன் ஒரு எறிதலில் தோற்றவன் ஆனான்.

"எனக்கு மனசே வரல, தம்பி. ஆனா ரூல்ஸ் எழுதினவனே மீறலாமா, சொல்லு."

ஜெரால்டு மீறக்கூடாது என்றான்.

பென்சில் இறங்கியது. அட்டையில் இருநூறாவது வெற்றி ஏறியது. முத்திரை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பிறகு அலெக்சாண்டர் துணிக்கொடியருகே நின்றபடியே நேர்மையைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினார். யாரும் பார்க்காத தவற்றைத் தானாக ஒப்புக்கொள்ளும் தகப்பனின் பிள்ளைதான் நம் பள்ளிக்குத் தேவை என்றார். யாரும் பார்க்காத தவற்றைப் பார்த்த மெலிசா தலையாட்டினாள்.

அவர் மனைவி அல்போன்சம்மாள் தட்டில் மூன்று குவளை ரோஜாப்பால் பண்டோங் கொண்டுவந்தார். மேசைமேல் சங்கத்தின் கடிதத்தாளைப் பார்த்ததும் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். ஐஸ் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார். மூன்று குவளையிலும் ஐஸ் மிதந்துகொண்டிருந்தது.

அலெக்சாண்டர் கடிதத்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். "சங்கத்தின் தலைவர் என்ற முறையில்" என்ற இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்துத் தாண்டினார். கையெழுத்திட்டு, முத்திரையை இரண்டு முறை ஊதிவிட்டுக் குத்தினார்.

ஜெரால்டு அதை மடிக்காமல் கோப்பில் வைத்தான். மெலிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக் காலை முதல் வேலையாகப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மாதம் முன்பே, ஏப்ரலில் நடந்த சங்கத் தலைவர் தேர்தலில் அலெக்சாண்டர் தோற்றிருந்தார்.