மேலங்கி சரியாகப் பறக்கவில்லை
பச்சைத் திரைக்கு முன்னால், சித்திரக்கதை நாயகியின் சிவப்பு மேலங்கியோடு நிற்கிறாள் டூப் போடுகிறவள். நேற்று வில்லன் நடிகர் வேண்டுமென்றே நிஜமாகக் குத்தியதில் அவளுடைய கீழுதடு வீங்கியிருக்கிறது. "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்தப் பொழப்பு?" என்று சிரித்தாரே தவிர, அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைய காட்சியில் நாயகி அவரை அறைய வேண்டும். நாயகியாக நடிப்பவளோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இயக்குநரிடம் "கை சுளுக்கிக்கிச்சு சார். அக்காவே அடிக்கட்டும், முதுகுப்பக்கமா எடுத்துக்கோங்க" என்கிறாள். விளக்குகள் எரிகின்றன, ராட்சத மின்விசிறி சுழல்கிறது. "பார்த்து அடிம்மா" என்கிறார் அவர், இம்முறை சிரிக்காமல். பளாரென்ற சத்தம் தகரக் கூரைவரை போகிறது. ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்திருக்க, அவர் தள்ளாடுகிறார். இயக்குநர் "ஓகே" என்கிறார். "சார், மேலங்கி சரியாப் பறக்கல. இன்னொரு டேக் போலாம்" என்கிறாள் நாயகி. டூப் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வில்லன் நடிகர் எதிரே போய் நிற்கிறாள்.