ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூளை

"மறதி, கை நடுக்கம் எல்லாம் சுத்த நடிப்பு டாக்டர். நஷ்டஈடு வாங்கத்தான்," என்றார் பேட்டரி தொழிற்சாலை மேனேஜர், சட்டைப் பையைத் தடவிக்கொண்டே.

"கண்ணாடி மறுபடியும் உங்க தலைமேலதான் இருக்கு சார்," என்றாள் பத்து வருஷமாக அங்கே ஈயம் உருக்குகிறவள். "புகையை வெளியேத்த ஃபேன் போடுங்கன்னு மூணு மனு கொடுத்தோம். போட்டீங்களா?"

"என் ரூம் உன் உலைக்கு நேர் மேலதானே இருக்கு? அதே காத்தைத்தான் நானும் சுவாசிக்கிறேன். குத்துக்கல்லாட்டம் இல்லையா? டாக்டர், இவ மூளையை ஸ்கேன் பண்ணுங்க. ஒப்பிட்டுப் பார்க்க என்னோடதையும் எடுங்க."

"தாராளமா எடுங்க டாக்டர். எனக்கொண்ணும் பயமில்ல," என்றாள் அவள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பலகையில் மாட்டினார். மேனேஜர் துள்ளிக் குதித்தார்.

"பாத்தியா! அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு. இப்ப என்ன சொல்ற?"

"டாக்டர் சொல்லட்டும்." அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

டாக்டர் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு படத்தை மாட்டினார்.

"இது என்னோட மூளை சார். எனக்கும் உங்க வயசுதான். ஈயப் புகை படாத மூளை இப்படித்தான் இருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் முன்பக்கம் ஒரே மாதிரி சுருங்கியிருக்கு. அன்னிக்கு எடுத்த ரத்தத்துலயும் ஈயம் ஏகத்துக்கு இருக்கு."

மேனேஜர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

அவள் நாலாவது மனுவை எடுத்து நீட்டினாள்.

"ஃபேன் கேட்டுத்தான் சார். கையெழுத்துப் போடுங்க. மனுவை வாங்கிக்கிட்டதுக்கு இல்ல. கேக்கறவங்க வரிசையில, என் பேருக்குக் கீழ."