ஒன்பதாவது டிராக்

பீளமேட்டு சந்திரமோகன் தன் எட்டு சிந்தசைசர் இசைப்பெட்டிகளையும் கம்ப்யூட்டரில் இணைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்து, மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு பாட்டை வெளியிட்டார். அது இனி வரப்போகும் ஒரு காலம்; யாரும் பாட்டை முழுசாகக் கேட்பதில்லை. கேட்பவரின் போனே அவருக்குப் பிடித்த டிராக்கை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றதை அடக்கிவிடும்.

பாட்டு ஊரெல்லாம் பரவியது. தன்னை மேதை என்று நம்பத் தொடங்கிய சந்திரமோகன் நடையைக்கூட மாற்றிக்கொண்டார். பிறகுதான் விவரம் தெரிந்தது. அவர் வாசித்த எட்டு டிராக்கையும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அணைக்க மறந்த மைக் ஒன்று தானாக ஒன்பதாவது டிராக்கை உண்டாக்கியிருந்தது. ஹெட்போன் மாட்டியிருந்த அவர் காதில் விழாத மனைவி புனிதாவின் குரல் அதில் இருந்தது.

"ஏனுங்க, தோசை ஆறிப்போச்சுங்க. எத்தன தடவ கூப்பிடறது? அந்தப் பொட்டிககிட்ட மல்லுக்கட்டற நேரத்துல எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனா என்னங்க?"

ஜனங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ரசனை கெட்டவர்கள் என்று சந்திரமோகன் பொருமினார். தன் போனுக்காவது தன் அருமை தெரியும் என்று பாட்டைப் போட்டார். அவருடைய ரசனையை அவரைவிட நன்றாக அறிந்த அந்தப் போன், எட்டையும் அடக்கிவிட்டுப் புனிதாவை மட்டும் பேசவிட்டது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார்.

அடுப்படியில் நின்றிருந்த புனிதா திரும்பிப் பார்த்தாள்.

"நான் இன்னும் கூப்பிடவே இல்லீங்களே."