எடுக்கிற பட்டன்

காணாமல் போனவர்களைத் தேடித்தரும் தொண்டு நிறுவனம் அது. வலைத்தளத்தைப் பயன்படுத்திப் பார்த்துக் குறைநிறை சொல்ல, சோதனைக்காக வந்திருந்த அம்மாளோ, கொடுத்த வேலையை விட்டுவிட்டு வேறெதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

செயலாளருக்கு மூக்கு வியர்த்தது. "என்னம்மா தேடுறீங்க?"

"போட்ட அறிவிப்பை எடுக்கிற பட்டன்."

"ஆள் சரியில்ல. யாரோ வேவு பார்க்க அனுப்பியிருக்காங்க" என்று பக்கத்திலிருந்த வலைத்தள வடிவமைப்பாளரின் காதைக் கடித்துவிட்டு, அம்மாளிடம் திரும்பினார். "ஆறு வருஷத்துல ஒருத்தர் கிடைச்சதாக்கூடத் தகவல் இல்ல. எதுக்கு எடுக்கணும்?"

"என் பொண்ணு போன வருஷமே கிடைச்சுட்டா சார். இதுல போட்டோவைப் பார்த்தவர்தான் எனக்குப் போன் பண்ணினார். உங்களுக்குச் சொல்லலாம்னா, இதுல பட்டனும் இல்ல, உங்க நம்பரும் இல்ல. சோதனைக்கு ஆள் வேணும்னு பார்த்ததும் ஓடி வந்தேன்."

செயலாளரின் சந்தேகம் திரையிலிருந்த நானூறு முகங்கள் மேல் திரும்பியது. இவர்களில் எத்தனை பேர் இந்நேரம் அவரவர் வீட்டில் இருக்கிறார்களோ.