முதலில் வாய் திறக்கட்டும்

"எழுந்துட்டான்" என்றான் கணவன், வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டதைச் சொல்வதுபோல.

கட்டிலில் இருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் கண் விழித்தாலே இவள் கண் கலங்கிவிடுகிறது. இரண்டு காம்பும் வெடித்துப்போய், துணி பட்டாலே உயிர் போகிறது. காலையில் பால் குடித்த குழந்தையின் வாயோரம் ரத்தம் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடட்டுமா?"

"போட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

"கேக்கறதுல என்ன வெக்கம்? அவங்க தினம் பாக்கறதுதானே."

"அதனாலதான் வேணாங்கறேன். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அப்ப பவுடர் டப்பாவைப் பிரிச்சிடவா?"

அலமாரியின் மேல் தட்டில் இருந்த பால்பவுடர் டப்பாவை அவள் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு ஒண்ணு வந்திருக்கு. அதுக்கு வயிறாரப் பால் கொடுக்க எனக்கு வக்கில்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிரிங்க. வேற என்ன பண்றது."

அவன் டப்பாவைத் தொடவில்லை. பால்கனிக்குப் போய், அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னான். அடுத்த நிமிடம் மாடி வீட்டுக்காரி வந்து நின்றாள். அண்மையில்தான் குடிவந்தவள். படியில் எதிர்ப்பட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் போல, சட்டைக் கையில் வரிசையாகக் கிளிப்புகள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணா" என்று கதவைச் சாத்தினாள். "கொடுங்கக்கா, எப்படிக் குடிக்கிறான்னு பாக்கறேன்."

"பயமா இருக்கும்மா."

"பயந்தா பால் வருமா? அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். அவனுக்குப் பசிக்குது."

இப்படி ஒரு அதட்டலை அவள் எதிர்பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குனிந்து, குழந்தையின் வாயில் காம்பைத் திணித்தாள். மறு நொடியே பல்லைக் கடித்தாள்.

"நிறுத்துங்க. வெடுக்குன்னு இழுக்காதீங்க, இன்னும் கிழியும். சுண்டு விரலை வாயோரமா விடுங்க. அவ்வளவுதான், விட்டுட்டான். இப்பச் சொல்லுங்க, பிள்ளை உங்ககிட்ட வரணுமா, நீங்க பிள்ளைகிட்ட போகணுமா?"

"பிள்ளைதான் வரணும்."

"தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குக் கொக்கு மாதிரி குனியறீங்க?"

முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள், மடிக்கு ஒன்று. குழந்தையை வயிற்றோடு வயிறாகத் திருப்பி, மூக்கு காம்புக்கு நேராக வரும்படி வைத்தாள். குழந்தை தலையை ஆட்டி ஆட்டித் தேடியது.

"கொடுத்துடவா?"

"பொறுங்க. முதல்ல வாய் திறக்கட்டும்."

"திறந்துட்டானே."

"இது விசில் அடிக்கிற வாய். கொட்டாவி விடற மாதிரி திறக்கணும். நுனியை மட்டும் கடிச்சா இப்படித்தான் ஆகும்." ஒரு கிளிப்பைக் கழற்றித் தன் விரல் நுனியில் மாட்டிக் காட்டி முகத்தைச் சுளித்தாள். "சுத்தியிருக்கிற கறுப்பும் சேர்ந்து உள்ள போனா வலிக்காது."

குழந்தை பொறுமையிழந்து அழுவதற்கு வாயைப் பிளந்தது.

"இப்ப. மோவாய்தான் முதல்ல படணும்" என்று அதன் முதுகில் கைகொடுத்து ஒரே அணைப்பாக அவள் மார்போடு சேர்த்துவிட்டாள்.

தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சுரீர் என்றது. அடுத்த இழுப்பும் அப்படியே இருக்கும் என்று காத்திருந்தாள். இல்லை. வலி மெல்ல விலகி, இழுப்பு மட்டும் மிஞ்சியது. நடுநடுவே குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. தன் கால் விரல்களை மடக்கியே வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாக விரித்தாள்.

"எப்படி இருக்கு?"

"வலிக்கலை" என்றாள், நம்பாதவள்போல. "வலிக்கலைம்மா."

"குடிச்சு முடிச்சதும் ரெண்டு சொட்டுப் பாலைப் பீச்சி வெடிப்புல தடவி, காத்தாட விடுங்க. சோப்பு போடாதீங்க. அடுத்த தடவை வலி கம்மியா இருக்கிற பக்கம் முதல்ல. மார்பு சிவந்து காய்ச்சல் அடிச்சா டாக்டர்கிட்ட போயிடணும்."

கதவுக்கு வெளியே செருமல் கேட்டது. "என்ன ஆச்சு?"

"உங்க பையன் சாப்பிடறான், தொந்தரவு பண்ணாதீங்க."

"அப்ப இந்த டப்பா?"

"நீங்க கலக்கிக் குடிங்கண்ணா."

உள்ளே இருவரும் சிரித்தார்கள். அந்தக் குலுக்கலிலும் குழந்தை காம்பை விடவில்லை.

"கெட்டிக்காரிதான் நீ" என்றாள் தாய். "ஆனா பிள்ளை பெத்தவளை இப்படியா அதட்டறது? இதை யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"என் பொண்ணு பிறந்தப்ப வார்டுல ஒரு பெரிய சிஸ்டர் இருந்தாங்க. நான் வலியில அலற, 'பயந்தா பால் வருமா, அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்'னு இதே அதட்டல்தான். 'உனக்கும் ஒண்ணு பிறக்கணும், அப்பத் தெரியும்'னு மனசுக்குள்ள சாபம் விட்டேன்." மாடி வீட்டுக்காரி குழந்தையின் தலையை ஒற்றை விரலால் வருடினாள். "பலிச்சிடுச்சு, சிஸ்டர்."

பிரசவ வார்டின் பெரிய நர்ஸ் அவளையே பார்த்தாள். பிறகு மகனை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சம் முன்னாடியே விட்டிருக்கக் கூடாதா அந்தச் சாபத்தை?"